கிளிமூக்கு எந்தப் பக்கம்?

லடாக், மிசோரம், கோவா, திரிபுரா என 2024 முதல் ஒவ்வொன்றாக 'முழு எழுத்தறிவு' பட்டம் வாங்கி வருகின்றன. நூற்றுக்கு 95 பேர் தேறினால் அது முழுமை என்று மத்தியக் கல்வி அமைச்சகம் வரையறுத்திருக்கிறது. மிச்சம் ஐந்து பேர் எந்தக் கணக்கில் என்று கேட்கக் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் எழுபதைச் சற்றே தாண்டியிருந்தது. அந்தக் கணக்கெடுப்பில் யாரும் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. தெரியும் என்றால் தெரியும், அவ்வளவுதான்.

சதவீதம் கிடக்கட்டும். எழுத்தே தெரியாத ஒருவர் எழுத்தைப் பழகும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் ருசியான விஷயம். அதை யோசித்துப் பார்க்க வாகான ஊர் அந்தச் சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர். வாய்ச்சொல்லில் ஜி.டி. நெல்லூர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, செல்போனில் ஆங்கிலம் என்று வாழ்கிறவர்கள் அந்தத் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்தில் நிறையப் பேர். சித்தூர் மாவட்டம் முழுக்க மாந்தோப்பு, அதிலும் பெரும்பாலும் தோத்தாபுரி. நாம் கிளிமூக்கு என்கிறோமே, அது.

ஒரு கிளிமூக்கு மாங்காயை மூக்கு இடப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். அதே மாங்காய்தான், யாருக்கும் சந்தேகம் வராது. மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் புலி புலிதான் என்று உடனே புரிந்துகொண்டவர்களின் வாரிசுகள் நாம். குரங்குகளுக்கும் இதே கதை. ஓர் உருவத்தைப் பார்த்துத் துடிக்கும் நரம்பணு, அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு துடிப்பதை 2000-ல் மக்காக் குரங்குகளிடம் அளந்திருக்கிறார்கள்.

இப்போது ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு வாருங்கள். ஒரு கோல், அதன் வலப்பக்கம் தொப்பை: 'பி'. அதே தொப்பை இடப்பக்கம் போனால் 'டி'. மூக்கு வலப்பக்கம் இருந்தால் கிலோ எட்டு ரூபாய், இடப்பக்கம் இருந்தால் அது மாங்காயே இல்லை, புடலங்காய் என்று மண்டியில் ஒருநாள் அறிவித்தால் எப்படியிருக்கும்? தரம் பிரிக்கிறவர் தலையில் அடித்துக்கொள்வார். லாரி லாரியாகக் காய் தப்பான குவியலுக்குப் போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போடுவது இந்தக் குழப்பம்தான். மந்தமும் இல்லை, நோயும் இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுப் பழக்கத்தை ஒரு சிலேட்டின் முன்னால் உட்கார்ந்து மறக்க வேண்டியிருக்கிறது, பாவம்.

இதில் தமிழுக்கு ஒரு தனி இடம் உண்டு. நம் எழுத்துகளில் ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் இன்னொன்று வராது. கொம்பு இடப்பக்கம் வரும், கால் வலப்பக்கம் வரும்; ஆனால் ஒன்றின் பிம்பம் மற்றொன்றல்ல. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் தமிழர்கள் மூன்று வகை: எழுத்தறியாதவர், தமிழ் மட்டும் படிப்பவர், தமிழோடு ரோமன் எழுத்தும் படிப்பவர். கோட்டுருவங்களைக் காட்டியபோது, தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே நேர் உருவத்தையும் பிம்பத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள முனைந்தார்கள். பிரித்துச் சொல்வதில் முன்னே நின்றது இரண்டும் படித்தவர்கள். படிப்பு மூளையை மாற்றுகிறது என்பதோடு கதை முடியவில்லை. எந்த எழுத்தைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாற்றமும் மாறுகிறது.

வயசான பிறகு ஏறுமா? ஏறும். மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் குழுவினர் 2010-ல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெரியவர்களான பின் படித்தவர்களிடமும் இடப்பக்க மூளையின் அடிப்பகுதியில் எழுத்துக்கென்று ஓரிடம் விழித்திருந்தது. எழுத்து குடியேறினால் முகங்களை அடையாளம் காணும் திறனுக்கு இடம் குறையுமோ என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. லக்னோவுக்கு அருகே கிராமங்களில் தேவநாகரி படித்தவர்களையும் படிக்காதவர்களையும் வைத்து நடந்த, 2019-ல் வெளியான ஆய்வு, அப்படி எதுவும் பறிபோவதில்லை என்று காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அதே வட்டாரத்தில் ஆறு மாதம் படித்த பெரியவர்களிடம் மூளையின் ஆழம் வரை மாற்றம் தெரிந்தது. உடனே 'மூளையே மாறிவிட்டது' என்று செய்திகள் துள்ளின. படித்தவர்கள் சுமார் இருபது பேர்தான். தவிர, தவில் கற்றாலும் மூளை மாறத்தான் செய்யும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லித் தொலைக்க வேண்டும். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம், 1990-ல் முழு எழுத்தறிவு பெற்ற எர்ணாகுளம், பிறகு புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டிய அறிவொளி இயக்கம். 1992-ல் சாராயக்கடையை விரட்டிய பெண்களைப் பற்றிய கதையை எழுத்தறிவுப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, நிஜமாகவே கடையை விரட்டிய துபகுண்டா கிராமம் இருப்பது இன்னொரு நெல்லூரில், கடலோர மாவட்டத்தில். அடுத்த ஆண்டே ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. எந்த ஸ்கேனிலும் தெரியாத விளைவு.

கண்ணாடிக் குழப்பத்துக்கு மருந்தும் பிரேசிலிலிருந்துதான் வந்திருக்கிறது. 2021-ல் வெளியான ஆய்வில் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம், தினம் அரை மணி நேரம், எழுத்தைத் தொட்டும் கையால் வரைந்தும் உடம்பை அசைத்தும் இட வலம் பழக்கினார்கள். வகுப்பு முடிந்ததும் தூங்கவிட்டார்கள். படிக்கும் வேகம் இரட்டித்தது. சின்ன ஆய்வு, அதுவும் பிள்ளைகளிடம் நடந்தது. பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எந்தக் கோச்சிங் சென்டரும் நோட்டீஸ் அடிக்க வேண்டாம். ஆனால் பகலில் கூலி வேலைக்குப் போய் வந்து, இரவு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு நேரே பாயில் விழுகிற பெண்கள், அந்தப் பாடத்திட்டத்தின் இரண்டாம் பாதியையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.