கொரோனா காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பட்ட பாடு

மாகிமில் ரெயில் ஏறினால் சர்ச்கேட் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். தாராவியைச் சேர்ந்த அந்த பி.காம். மாணவிக்கு, தனக்கென்று ஒரு நாளில் கிடைத்த நேரமே அந்த அரை மணியும், திரும்பி வரும் அரை மணியும்தான். லேடீஸ் டப்பாவில் நின்றபடியே பாடம் படிப்பார். தோழிகளோடு அரட்டையும் உண்டு.

2020 மார்ச் 22-ந் தேதி நள்ளிரவோடு மும்பை லோக்கல் ரெயில்கள் நின்றன. கல்லூரி அதற்கு முன்பே மூடப்பட்டு விட்டது. அப்போது அவர் கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தார்.

ஆறு பேர், ஒரு போன்

வீடு 10 அடிக்கு 10 அடி. தந்தை தோல் பை தைப்பவர். பட்டறை மூடியதால் அவரும் வீட்டோடு. தாயார், பாட்டி, பள்ளிக்கூடம் போகும் 2 தம்பிகள். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு போன். தம்பிகளுக்குப் பாடம் முடிந்த பிறகே அக்காவின் கைக்கு அது வரும். பேராசிரியர் பேசும்போது குக்கர் விசில் அடிக்கும். பக்கத்து வீட்டு டி.வி.யில் அன்றைய சாவுக் கணக்கு ஓடும். ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பொதுக் கழிப்பிட வரிசையில் நிற்கவே பயந்தார்கள்.

இதையெல்லாம்கூட அவர் தாங்கிக் கொண்டார். பரீட்சைக் குழப்பம்தான் ஆளைச் சாய்த்து விட்டது.

கடைசி வருடத்துக்குத் தேர்வு இல்லை என்று மாநில அரசு அறிவித்தது. செப்டம்பர் முடிவதற்குள் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6-ந் தேதி சொன்னது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தேர்வு எழுதாமல் பட்டம் கிடையாது என்று ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. மும்பை பல்கலைக்கழகம் அக்டோபரில் ஆன்லைனில் தேர்வு வைத்தது. அதுவரை ஏழு மாதம் புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமாகவே கழிந்தது.

"ஏட்டி, பரீட்சை உண்டா, இல்லியா? ஒழுங்காச் சொல்லு" என்று தந்தை கேட்பார். மகளிடம் பதில் இல்லை. பெண் சம்பாதிக்கப் போனால் வட்டிக் கடனை அடைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அதில் தப்பு சொல்ல முடியாது.

மகள் இரவில் தூங்குவதில்லை. பகலில் எழுந்திருப்பதில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். தலைவலி என்பார். "நாள் முழுக்கப் படுத்தே கெடந்தா தலை வலிக்காம என்ன செய்யும்?" என்பார் தாயார். சோம்பல் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நம்மவர்களிடம் மனசுக்கு இரண்டே பெயர்தான் உண்டு. ஒன்று திமிர், இன்னொன்று பைத்தியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நோய் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2019-ல் 10,335 மாணவ-மாணவிகள் தற்கொலை செய்து கொண்டார்கள். 2020-ல் இது 12,526 ஆயிற்று. 2021-ல் 13,089. எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கை ஏறிய வருடங்கள் கல்லூரிகள் பூட்டிக் கிடந்த வருடங்கள்தான்.

ஆயா கண்டுபிடித்தார்

இந்த மாணவியின் விஷயத்தில், சந்தில் குடியிருக்கும் ஆஸ்பத்திரி ஆயா ஒருவர் புரிந்து கொண்டார். "இது சோம்பல் இல்ல மதினி, கூட்டிட்டு வா" என்றார். தேர்வு முடிந்த கையோடு, நவம்பரில், கேஸ் பேப்பர் போட்டு மனநலப் பிரிவில் காட்டினார்கள்.

தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று டாக்டர் கேட்டார். பிறகு, "முன்பு எது உனக்குப் பிடிக்கும்?" என்றார். "ரெயிலில் போவது" என்று சொன்ன பெண், அங்கேயே அழுது விட்டார். பல மாதம் மாத்திரை, இடையிடையே பேச்சு. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படித் தூக்கமும் பசியும் கெட்டால் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் தாயாரிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த நாளில் இல்லாத ஒரு வசதி இன்று இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது. மொழி தெரியாத ஊரில் இருப்பவர்களுக்கும் கவலை இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண் இப்போது அந்தேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தந்தையின் கடனில் பாதி அடைந்து விட்டது. அப்போது மாத்திரை எதற்கு என்று கேட்ட அண்டை வீட்டாரிடம், "தைராய்டு" என்று தாயார் சொல்லி வைத்திருந்தார். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்.