சுழி இல்லாத ஆயிரம்

இரண்டாயிரத்து ஐந்தை எழுத அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைக்கு மூன்றே குறிகள் போதும்: ௨௲௫. இரண்டு, ஆயிரம், ஐந்து. நூறும் பத்தும் பேச்சில் இல்லை, அதனால் எழுத்திலும் இல்லை. நாமோ 2005 என்று, இல்லாத இரண்டு இடங்களுக்கும் சுழி போட்டு ஆள் நிறுத்துகிறோம்.

பழைய தமிழ் முறையில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான குறிகளோடு, பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உண்டு. 3782 என்றால் ௩௲௭௱௮௰௨. சிறிய எண் முன்னால் நின்றால் பெருக்கு, பின்னால் நின்றால் கூட்டு: ௩௰ முப்பது, ௰௩ பதின்மூன்று. லட்சத்துக்கு ௱௲. சீனர்களின் மரபு எண்களும் இதே தினுசுதான்.

இதில் பதிந்து வைப்பது சுகம், பெருக்குவது பெரும்பாடு. மேற்படி எண்ணுக்கு அடியில் ௪௱௬ என்று எழுதிப் பாருங்கள். ஒன்றின்கீழ் ஒன்று நேராக நிற்காது. ஆகவே கணக்கு ஓலையில் நடக்கவில்லை, தலைக்குள் நடந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் வாய்பாட்டு நூலான எண்சுவடியை உருப்போட்டதை இன்று கேலி செய்கிறோம். அவர்களுக்குக் கால்குலேட்டரே அதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்றுக்குக் கீழே உள்ள உலகம். கால், அரை, முக்கால் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் கீழே அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று இறங்கிக்கொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. அது ஏன் 320? பாதி பாதியாகக் குறையும் கால் வரிசையும் இருபதில் ஒன்றான மா வரிசையும் அதற்குள் மீதமில்லாமல் அடங்கும். முந்திரிக் கணக்கில் கால் 80, மாகாணி 20, மா 16, காணி 4. காலோடு மாவும் காணியும் கூட்ட வேண்டுமா? 80, 16, 4. ஆக நூறு முந்திரி. அதில் 80 போனால் 20, எனவே விடை காலே மாகாணி. பகுதியைச் சமப்படுத்தும் வேலையே இல்லை.

முந்திரியையும் 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒன்று. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் நிலத்தைக் குறிக்கும்போது இந்தக் கீழ்க்கணக்குக்குள்ளும் இறங்குகின்றன. ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அதில் கீழ்முந்திரி மூன்று சதுர அடிகூட இல்லை. ஒருவர் சம்மணமிட்டு உட்காரவும் பற்றாது. கோல் பிடித்து அளந்து கண்ட நுட்பம் இது என்று நான் நம்பவில்லை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கியதில் விழுந்த மிச்சமாக இருக்கும். அதையும் விட்டுவிட மனம் வராமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

குவாலியரில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 270-ஐச் சுழியோடு காட்டுகிறது. நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுந்த பெரியகோயிலோ சுழியில்லாமலே கணக்கு வைத்திருந்தது. 1825-இல் அச்சான 'கணித தீபிகை' தமிழ் எண்களுக்குச் சுழியையும் இடமதிப்பையும் அறிமுகப்படுத்தியது. பின்னாளில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் பக்க எண் பத்து, ௰ என்றில்லாமல் ௧௦ ஆனது.

கணினியிலும் இதே கதைதான். ௰, ௱, ௲ மூன்றும் யூனிகோடில் தொடக்கத்திலேயே இடம்பிடித்துவிட, தமிழ்ச் சுழி 2005-இல்தான் உள்ளே வந்தது. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019 வரை காத்திருந்தன. உங்கள் செல்பேசி அவற்றைச் சரியாகக் காட்டுமா, வெறும் கட்டத்தைக் காட்டுமா என்பது அதிலுள்ள எழுத்துருவின் புண்ணியம்.