மொட்டைமாடியில் ஒரு கடற்பாறை

ரோஸ்மேரி இலையைக் கசக்கி முகர்ந்தால் பாதி கற்பூரம், பாதி யூகலிப்டஸ் தைலம். மூக்கு ஏமாறவில்லை. கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோலும் இந்த இலையிலும் உண்டு. இளந்தண்டை விரலிடுக்கில் உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் இது சொந்தம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

படரும் ரோஸ்மேரி தனி இனமல்ல. ஆளுயரம் நிமிரும் அதே செடியின் தாழ்ந்த வடிவம்தான். மத்தியதரைக் கடலோரத்தில், உப்புக்காற்று ஓயாமல் அறையும் பாறைச் சரிவுகளில் நிமிர்ந்தால் காய்ந்துபோகும். தரையோடு ஒட்டிக் கிடந்தால் பிழைக்கும். லத்தீனில் இதன் பெயருக்குக் 'கடற்பனி' என்று பொருள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைத் தனிப் பேரினமாக வைத்தார். 2017இல் மரபணுவைப் பார்த்துச் சால்வியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். செடிக்கு இதெல்லாம் தெரியாது.

இலையைத்தான் நின்று பார்க்க வேண்டும். ஊசிபோல் தெரிவது, ஓரங்கள் இரண்டும் கீழே சுருண்ட இலை. திருப்பினால் சுருண்ட ஓரங்களுக்கு இடையே பள்ளம், அதில் வெள்ளை ரோமம். இலை மூச்சுவிடும் துளைகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. வெளியேறும் ஈரத்தைக் காற்று சட்டென்று வாரிக்கொண்டு போகாதபடி ரோமம் தடுக்கிறது. மேல்பக்கம் வழவழவென்று தடித்த தோல்.

இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கும் செடிக்கு நாம் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றுகிறோம். பாறையிடுக்கில் வளர்ந்த வேருக்கு நீரைவிடக் காற்று முக்கியம். சேறான மண்ணில் அது மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். வீட்டில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, நம் பாசத்தால்.

மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் சரளையும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியை வெயில் படும் கைப்பிடிச்சுவர் ஓரத்தில் வையுங்கள். கிளைகள் விளிம்பைத் தாண்டி வழியும். பாறை விளிம்பில் செய்வதும் அதைத்தான். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். வெட்டினால் பச்சை உள்ள இடத்தோடு நிறுத்துங்கள், இலையற்ற பழைய கட்டை பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. இன்னொரு செடி வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு தொட்டி போதும். தாழ்ந்த கிளையை அதன் மண்ணில் அழுத்தி மேலே ஒரு கல்லை வைத்தால், சில வாரங்களில் அது தானே வேர்விடும்.