கயிற்றை இழுக்கும் உரிமை

நான் பணியாற்றிய உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. பொருளில் குறை தென்பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை அழுத்தி உற்பத்தியை நிறுத்தலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பொத்தான் வந்த முதல் மாதத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளரான ஓர் இளைஞர் அதை அழுத்தினார். அவர் செய்தது சரிதான். துளையின் அளவு மாறியிருந்தது. ஆனால், ஓடிவந்த மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "யார் அழுத்தியது?" என்பதாக இருந்தது. உற்பத்தி தடைப்பட்ட சில நிமிடங்களுக்காக அந்த இளைஞரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அதன்பின் அந்தப் பொத்தானை யாரும் அழுத்தி நான் பார்க்கவில்லை.

ஓராண்டு கழித்து, எங்களிடம் பொருள் வாங்கிய நிறுவனம் ஒரு லாரி நிறைய சரக்கைத் திருப்பி அனுப்பியது. விசாரித்தபோது, அந்தக் குறையை மூன்று தொழிலாளர்கள் முதல் நாளே கவனித்திருந்தது தெரியவந்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த எனக்கும் அரைகுறையாகத் தெரியும். "நமக்கேன் வம்பு" என்று நானும் இருந்துவிட்டேன். அதே ஆண்டு நடந்த ஊழியர் மனநிறைவுக் கணக்கெடுப்பில் எங்கள் ஆலை நல்ல மதிப்பெண் பெற்றது.

பணியிடப் பண்பாடு என்ற சொல் இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்குகிறது. பொங்கல் விழா, பிறந்தநாள் கேக், மாதத்தின் சிறந்த ஊழியர் விருது, தலைமைப் பண்புப் பயிலரங்கு எனப் பலவும் அந்தப் பெயரில் நடக்கின்றன. அவற்றில் தவறொன்றுமில்லை. எனினும், ஒரு நிறுவனத்தின் உண்மையான பண்பாடு தெரியவருவது, கடைநிலை ஊழியர் ஒருவர் கெட்ட செய்தியோடு மேலதிகாரியின் முன் வந்து நிற்கும்போதுதான்.

இதற்கு மேலாண்மை ஆய்வாளர்கள் பலமுறை அலசிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இருந்தது. அங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமலிருப்பது வழக்கமாகிவிட்டது. பணி நேரத்தில் குடிப்பது, திடீர் வேலைநிறுத்தம், குவிந்துகிடந்த புகார்கள் என அந்த ஆலையின் பெயர் கெட்டிருந்தது. என்ன நேர்ந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். தவறாகப் பொருத்திய பாகத்துடனேயே கார் நகர்ந்து செல்லும். பிறகு வேறு யாராவது அதைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். 1982-இல் ஆலை மூடப்பட்டது.

1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையை "நம்மி" என்ற பெயரில் மீண்டும் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவின் பொறுப்பில் இருந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் மூடப்பட்ட ஆலையில் வேலை பார்த்தவர்கள். தொழிற்சங்கமும் பழைய சங்கமே. ஆனால், இரண்டே ஆண்டுகளில் அவர்கள் செய்த கார்களின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலையை நெருங்கியது. வேலைக்கு வராதோர் விகிதம் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது.

என்ன மாறியது? உற்பத்தி வரிசை நெடுக ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. ஐயம் எழுந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் உதவிக்கு வருவார். குறிப்பிட்ட எல்லைக்குள் சிக்கல் தீர்ந்தால் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், தீராவிட்டால் நிற்கும். குழுத் தலைவர் வருவது குற்றவாளியைத் தேடி அல்ல. "என்ன சிக்கல்?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

கயிறு மட்டும் போதுமென்றால் எங்கள் சிவப்புப் பொத்தானும் வேலை செய்திருக்கும். நம்மியில் கயிற்றுக்குப் பின்னால் ஓர் உறுதிமொழி இருந்தது. நிறுவனமே நிலைகுலையும் அளவுக்கு நெருக்கடி வந்தாலொழிய ஆள்குறைப்பு செய்வதில்லை என்று சங்கத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 1980-களின் இறுதியில் விற்பனை சரிந்தபோது அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. வேலை குறைந்த தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியிலும் சீரமைப்புப் பணிகளிலும் ஈடுபடுத்தினார்கள். மேலாளர்களுக்கெனத் தனி உணவுக்கூடமோ வாகன நிறுத்துமிடமோ இல்லை. குறையைச் சொன்னால் தன் வேலை போகாது என்பதைத் தொழிலாளி கண்ணால் கண்ட பிறகே கயிற்றில் கை வைத்தார்.

இந்தப் பாடம் ஜெனரல் மோட்டார்ஸின் கண்ணெதிரே நடந்தது. ஆனாலும், அது நிறுவனம் முழுவதும் பரவவில்லை. கார்களின் சாவி விசையில் இருந்த கோளாறு அந்நிறுவனத்துக்குள் பலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்திருந்தும், 2014-இல்தான் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. அக்கோளாறால் 124 பேர் உயிரிழந்ததாக நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்துவிட்டு, வெளியே வந்ததும் எதுவும் செய்யாமல் இருக்கும் வழக்கத்தை விசாரணை அறிக்கை பதிவு செய்தது. "குறைபாடு" என்ற சொல்லையே அறிக்கைகளில் தவிர்க்குமாறு ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்ததும் வெளிவந்தது. சொல்லைத் தடுத்துவிடலாம், விபத்தைத் தடுக்க முடியாது.

நல்ல பண்பாடு இருந்தால் நிறுவனம் என்றென்றும் வாழும் என்று நான் சொல்லவில்லை. கூட்டாளி விலகியதைத் தொடர்ந்து நம்மியும் 2010-இல் மூடப்பட்டது. ஆனால், மோசமான தொழிலாளர்கள் என முத்திரை குத்தப்பட்டவர்கள் கால் நூற்றாண்டுக் காலம் தரமான கார்களைச் செய்தார்கள் என்பது மறையாது.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள நம் வாகன ஆலைகளிலும் இத்தகைய கயிறுகளும் பொத்தான்களும் வந்துவிட்டன. அவற்றின் அருகே நிற்பவர்களில் கணிசமானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சியாளர்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் "மனம்திறந்து பேசுங்கள்" என்று கேட்பது எப்படி நியாயம்? இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளாத மன்னனுக்குக் கேடு வரப் பகைவர் தேவையில்லை என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். இடித்துரைப்பவருக்கு முதலில் காலூன்றி நிற்க இடம் வேண்டுமல்லவா?

குறையைச் சொன்னவரின் ஒப்பந்தம் அந்தக் காரணத்தால் முறியாது என்பதை எழுத்தில் உறுதி செய்யலாம். சொன்னதன்பேரில் என்ன செய்யப்பட்டது என்பதை ஒரு வாரத்துக்குள் அவரிடமே தெரிவிக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

அன்று அந்த இளைஞரிடமிருந்து விளக்கக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான்தான். "துளை பெரிதாக இருந்தது, அதனால் நிறுத்தினேன்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அவருக்கு நாங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சில மாதங்களில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. லாரி திரும்பி வந்த நாளில் எனக்கு அவருடைய நினைவுதான் வந்தது.