கெட்ட கொழுப்பு எப்படிக் கெட்டுப்போகிறது?

பழைய முறுக்கில் சிக்கு வாடை அடிப்பது ஏன்? எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்வதால். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள்களுக்கும் இதே கதிதான். அப்படிக் கெட்ட துகள்களை வெள்ளையணுக்கள் அளவில்லாமல் விழுங்கி, நுரைபோல் உப்பி, அங்கேயே படிகின்றன. அடைப்பு தொடங்குவது இப்படித்தான்.

இதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு என்ன வேலை? அதன் முக்கிய வகையான எஸ்ட்ரடையால் மூலக்கூறின் ஒரு முனையில் ஃபீனால் வளையம் உண்டு. அதிலுள்ள ஹைட்ரஜனை, கொழுப்பைக் கெடுக்கும் ஃப்ரீ ரேடிக்கலுக்குக் கொடுத்து, கெடுதலின் சங்கிலி வினையை அறுத்துவிடும். வைட்டமின் ஈ செய்வதும் இதையேதான். சோதனைக்குழாயில் இது அழகாக நடக்கிறது. ஆனால் அங்கே ஊற்றும் அளவு பெரும்பாலும் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் உறுதியாகச் செய்வது வேறு: கல்லீரலில் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டுகிறது. சுற்றும் துகள் குறைந்தால் கெட்டுப்போகவும் குறைவாகவே இருக்கும்.

அப்படியானால் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் தப்புமா? அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் கூட்டுமருந்துப் பிரிவை 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். எல்.டி.எல். குறைந்தது, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடின. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63, அதாவது மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்த வயது.