ஒளியை முந்தியதா நியூட்ரினோ?

"நான்தான் நியூட்ரினோ!"
"யாரது?"
டொக், டொக், டொக்!

மாணவ நண்பர்களே, இந்தத் துணுக்கைப் படித்ததும் சிரிப்பு வந்ததா? வராவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். பதில் முதலில் வருகிறது. கேள்வி பிறகு வருகிறது. கதவைத் தட்டும் ஓசை கடைசியில் கேட்கிறது! 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், இயற்பியல் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்த துணுக்குகளுள் இதுவும் ஒன்று.

ஒளியைவிட விரைவாக ஒரு செய்தியை அனுப்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, விளைவு முன்னும் காரணம் பின்னும் நிகழ்வதாகக் காணும் நோக்கர்கள் இருக்கவே செய்வார்கள். துணுக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. இயற்பியல் தெரிந்தால்தான் சிரிக்க முடியும்.

அறிவியல் செய்தி ஒன்று வந்தவுடன் அதைப் பற்றிக் கேலி பேசுவதும் வாதிடுவதும் மனித இயல்பு. இவற்றால் அறிவியலுக்குப் பயன் உண்டா, அல்லது வெறும் பொழுதுபோக்குத்தானா? அந்த ஆண்டு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

செய்தி என்ன?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 730 கி.மீ. தொலைவில், இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலையில், 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் இன்னோர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. செர்னில் விரைவூட்டப்பட்ட புரோட்டான்களைக் கிராஃபைட் இலக்கின்மீது மோதவிட்டு, அதனால் பிறக்கும் துகள்களின் சிதைவிலிருந்து நியூட்ரினோக்களைப் பெற்று, இத்தாலியை நோக்கி அனுப்பினார்கள். மலைக்கடியில் ஆப்பெரா என்னும் கருவி அவற்றுள் சிலவற்றைப் பிடித்தது.

730 கி.மீ. தூரத்தைக் கடக்க ஒளிக்குச் சுமார் 2.4 மில்லி விநாடி தேவை. நியூட்ரினோக்களோ ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்துவிட்டதாக ஆப்பெரா குழுவினர் கண்டார்கள். ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. 60 நானோ விநாடியில் ஒளி எவ்வளவு தூரம் செல்லும்? பெருக்கிப் பாருங்கள்: 18 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தில் இரு முனைக் குச்சிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வேகத்தில் பார்த்தால், இலட்சத்தில் இரண்டரைப் பங்கு கூடுதல்.

மூன்று ஆண்டுகளில் பதிவான சுமார் 16,000 நியூட்ரினோக்களைக் கொண்டு கிடைத்த முடிவு இது. 2011 செப்டம்பர் 23 அன்று செர்னில் இதை அறிவித்தார்கள். "ஐன்ஸ்டைன் தோற்றார்" என்ற பொருளில் செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. ஆனால் குழுவினரின் கட்டுரையில் அப்படி ஒரு வரிகூட இல்லை. தங்கள் முடிவுக்குக் கோட்பாட்டு விளக்கம் எதுவும் கூற முயலவில்லை என்றே அவர்கள் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய வேண்டுகோள்.

இல்லாத சுரங்கப்பாதை

அன்றே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இத்தாலியக் கல்வி அமைச்சகம் ஒரு பாராட்டுச் செய்தியை வெளியிட்டது. செர்னுக்கும் கிரான் சாஸ்ஸோவுக்கும் இடையே சுரங்கப்பாதை அமைக்க இத்தாலி சுமார் 4.5 கோடி யூரோ வழங்கியதாக அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான், இத்தாலி முழுதும் சிரித்தது. 730 கி.மீ. நீளச் சுரங்கத்தில் வண்டிகள் எவ்வளவு விரைவாகப் போகலாம், சுங்கம் எங்கே வசூலிப்பார்கள் என்றெல்லாம் மக்கள் கேலி செய்தார்கள்.

நியூட்ரினோவுக்குச் சுரங்கம் எதற்கு? அதற்கு மின்னூட்டம் இல்லை. நிறையோ மிக மிகச் சிறிது. பொருள்களோடு அது வினைபுரிவது அரிதிலும் அரிது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், உங்கள் கட்டைவிரல் நகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும், விநாடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் ஊடுருவிச் செல்கின்றன. இரவிலும்தான்! அப்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலாக வருகின்றன. செர்னிலிருந்து புறப்பட்டவையும் இப்படியே, வழியில் பத்துப் பதினொரு கி.மீ. ஆழம்வரை இறங்கி, திண்ணிய பாறை ஊடாகவே இத்தாலி சேர்ந்தன. இந்தக் கேலியால் பாடப்புத்தகம் புரட்டாதவர்களுக்கும் நியூட்ரினோவின் முதற்பண்பு தெரிந்துபோயிற்று.

வாதமும் எதிர்வாதமும்

இனி வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம் வானிலிருந்து வந்தது. பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன் வெடித்தது. அதன் நியூட்ரினோக்கள் 1987 பிப்ரவரி 23 அன்று, ஒளிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்பாகப் பூமியை அடைந்தன. விண்மீனின் உட்பகுதியிலிருந்து அவை உடனே வெளியேறிவிட, ஒளியோ அதிர்ச்சியலை மேற்பரப்பை எட்டும்வரை காத்திருக்க நேர்ந்ததே காரணம். ஆப்பெரா கண்ட வேகம் சரியானால், 1,68,000 ஆண்டுப் பயணத்தில் அவை நான்கு ஆண்டுக்கும் மேல் முந்தியிருக்க வேண்டுமே! மூன்று மணி நேரம் எங்கே, நான்கு ஆண்டு எங்கே?

எதிர்வாதமும் இருந்தது. விண்மீனிலிருந்து வந்தவற்றின் ஆற்றல் ஒரு கோடி எலெக்ட்ரான் வோல்ட் அளவு. செர்னிலிருந்து வந்தவற்றின் சராசரி ஆற்றல் 1,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஆற்றல் மிகுந்தவை மட்டும் விரைவாகச் செல்கின்றனவோ என்னவோ?

இரண்டாம் வாதம் ஆண்ட்ரூ கோஹன், ஷெல்டன் கிளாஷோ என்ற இரு அமெரிக்க இயற்பியலறிஞர்களுடையது. ஒலியை மிஞ்சும் விமானம் வெடியோசை எழுப்புகிறது அல்லவா? அதுபோல, ஒளியை மிஞ்சும் நியூட்ரினோ வழியெல்லாம் எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளைச் சிந்தி ஆற்றலை இழக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள். அப்படியானால் ஆற்றல் மிகுந்த நியூட்ரினோக்கள் இத்தாலிக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது. அதே மலைக்கடியில் இயங்கிய இக்காரஸ் என்னும் கருவி, அத்தகைய ஆற்றல் இழப்பு ஏதுமில்லை என்று காட்டியது.

மூன்றாம் வாதம் அளவீட்டு முறையைப் பற்றியது. செர்னிலிருந்து வந்த ஒவ்வொரு துடிப்பும் சுமார் 10,500 நானோ விநாடி நீளமானது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் பத்து நிமிடம் வரை வாயில் வழியே வந்துகொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். தெருமுனையில் நிற்பவர் ஒரு பையனைக் காண்கிறார். அவன் முதலில் வெளியே வந்தவனா, கடைசியில் வந்தவனா என்று எப்படிச் சொல்வது? கூட்டம் முழுவதையும் கணக்கிட்டு ஊகிக்கத்தான் முடியும். இந்த ஐயத்தை நீக்க, 3 நானோ விநாடியே நீளமுள்ள குறுந்துடிப்புகளை அனுப்பினார்கள். இருபது நியூட்ரினோக்கள் அகப்பட்டன. முடிவு பழையபடியே, 62 நானோ விநாடி! இந்த வாதம் விழுந்தது.

தவறு எங்கே இருந்தது?

எஞ்சியது கடிகாரம். செயற்கைக்கோள்கள் தரும் நேரக் குறிப்பை மலைக்கு வெளியே ஓர் ஏற்பி வாங்கும். 8.3 கி.மீ. நீள ஒளியிழை வழியாக அது மலைக்கடியில் உள்ள கடிகாரத்தை அடையும். அந்த ஒளியிழையின் இணைப்பான் முழுதும் திருகப்படாமல் இருந்ததை 2011 இறுதியில் குழுவினரே கண்டுபிடித்தார்கள். 2012 பிப்ரவரியில் உலகுக்கும் அறிவித்தார்கள்.

தளர்ந்த இணைப்பின் வழியே குறைந்த ஒளியே உணர்வியை அடைந்தது. எனவே உணர்வி தன் தொடக்க அளவை எட்ட அதிக நேரம் பிடித்தது. தாமதம் சுமார் 73 நானோ விநாடி. தாமதமானால் நியூட்ரினோ பிந்தி வந்ததாக அல்லவா தோன்ற வேண்டும் என்று கேட்பீர்கள். ஓர் உவமை சொல்கிறேன். வானொலியில் எட்டு மணி அறிவிப்பைக் கேட்டு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துகிறீர்கள். அறிவிப்பு உங்கள் காதை இரண்டு நிமிடம் தாமதமாக எட்டினால், கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கும். அன்று 8.30க்குச் சரியாக வரும் பேருந்து, உங்கள் கடிகாரப்படி 8.28க்கே வந்துவிடும். பேருந்து முந்தவில்லை, கடிகாரம்தான் பிந்திவிட்டது.

கடிகாரத்தின் அலையியற்றியிலும் ஒரு சிறு பிழை இருந்தது. அது எதிர்த்திசையில் சுமார் 15 நானோ விநாடி அளவு. 73இலிருந்து 15ஐக் கழித்தால் 58. ஏறத்தாழ அந்த 60தான்!

2012 மார்ச்சில் இக்காரஸ் குழுவினர் ஏழு நியூட்ரினோக்களின் பயண நேரத்தை அளந்தார்கள். அவை ஒளியின் வேகத்திலேயே வந்தன. மே மாதம் நடந்த புதிய சோதனையில் மலைக்கடியில் உள்ள நான்கு கருவிகளும், ஆப்பெரா உட்பட, அதையே கூறின. ஜூன் 8 அன்று ஜப்பானின் கியோட்டோ மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டது.

சிரிப்பில் இரு வகை

ஜிம் அல்-கலீலி என்ற பிரிட்டிஷ் இயற்பியலறிஞர், இந்த முடிவு உண்மையென மெய்ப்பிக்கப்பட்டால் தொலைக்காட்சியில் எல்லார் முன்னிலையிலும் தம் அரைக்கால் உள்ளாடையைத் தின்பதாக 2011இல் சபதம் செய்தார். அவருக்கு அந்த விருந்து கிட்டவில்லை! ஆனால் இந்தக் கேலியைச் சற்று ஆராயுங்கள். அவர் தம்மையே பணயம் வைத்தார். எது நடந்தால் தாம் தோற்றவர் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நல்ல வாதத்துக்கு வேண்டிய நேர்மை அந்த வேடிக்கைப் பேச்சில் இருந்தது.

இணைப்பான் செய்தி வெளிவந்ததும் வேறு வகைச் சிரிப்பு எழுந்தது. ஒரு கம்பியைச் சரியாகச் செருகத் தெரியாதவர்கள் என்று அந்த அறிஞர்களை எள்ளினார்கள். 2012 மார்ச் இறுதியில் குழுத் தலைவர் அன்டோனியோ எரெடிட்டாட்டோவும், ஆய்வை ஒருங்கிணைத்த டாரியோ அவுட்டியெரோவும் பதவி விலகினார்கள். அவசரப்பட்டு வெளியிட்டார்களா? குழுவினருள் சிலரே அப்படி எண்ணி முதற் கட்டுரையில் தங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. அது நியாயமான கருத்து வேறுபாடு. ஆனால் கம்பி தளர்ந்திருந்தது நமக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான். மறைத்தவரை எள்ளலாம், வெளிப்படுத்தியவரை எள்ளினால், அடுத்தவர் தம் ஐயங்களை வெளியே சொல்ல அஞ்சுவார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஐயம் கொண்டவர்களின் முடிவு சரியாக இருந்தது. ஆயினும் அவர்களுடைய வாதங்கள் எவையும் அந்தக் கம்பியைச் சுட்டிக்காட்டவில்லை. எங்கோ தவறு உண்டு என்று வாதம் சொல்லும். எந்த இடத்தில் என்று திருகிப் பார்க்கும் கைதான் சொல்லும்.

நாளை ஒரு வியப்பான செய்தியை உங்கள் நண்பர் கொண்டு வருவார். தாராளமாகச் சிரியுங்கள், வாதிடுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உண்மையில் எதை அளந்தார்கள்? இது மெய்யானால் வேறு எங்கெல்லாம் அதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும்? எந்தச் சான்று வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? மூன்றாம் கேள்விக்கு விடை சொல்ல முடியாதவர் வாதிடவில்லை, கூச்சல் போடுகிறார் என்று பொருள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. ஒளியிழையில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ. அந்த 8.3 கி.மீ. இழையைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? அந்த நேரத்தில் 73 நானோ விநாடி எத்தனையில் ஒரு பங்கு? கண்டுபிடியுங்கள். அவ்வளவு சிறு பங்கைத் தேடிப் பிடித்தவர்கள்மீது உங்களுக்கே மதிப்புப் பிறக்கும்.