பொருளும் பொறுப்பும்

நம் சங்க அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் என்று மளமளவென ஒப்பிப்பார்கள். "சரி, ஒரு நூலகத்துக்கு வடிவமைத்துக் காட்டு" என்றால் விழிப்பார்கள். தில்லியில் பி.டெக். மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தும் எனக்கு இதுதான் பெரிய கவலை.

இந்த முறைக்கு வித்திட்டது, 1960களில் நார்வேயின் ஓஸ்லோ நகரில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா மொழி. நிஜ உலக நடப்புகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதே அதன் நோக்கம். 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவ்விருவருக்கும் கிடைத்தது. ஆக, புரோகிராம் என்பது வெறும் கட்டளைப் பட்டியல் அல்ல. ஆளுக்கொரு பொறுப்பு ஏற்றவர்கள் கூடிச் செய்யும் வேலை.

இதைப் புரிய வைக்க, கென்ட் பெக், வார்டு கன்னிங்காம் இருவரும் 1989-இல் ஓர் எளிய வழி சொன்னார்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் அட்டை. அதில் அதன் பெயர், பொறுப்பு, யாருடைய உதவி தேவை என்ற மூன்றை மட்டும் எழுத வேண்டும். என் வகுப்பிலும் முதலில் அட்டைதான்; கம்ப்யூட்டர் பிறகு.

நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். அட்டை ஏந்திய மாணவர்கள் எழுந்து நிற்கிறார்கள். "புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய தேதி யாரிடம் இருக்கும்?" என்று கேட்கிறேன். "உறுப்பினரிடம்" என்கிறார் ஒருவர். அவர் கையில் நான்கு புத்தகங்கள் இருந்தால், நான்குக்கும் ஒரே தேதியா? "புத்தகத்திடம்" என்கிறார் இன்னொருவர். ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் இருந்தால்? "அப்படியானால் பிரதியிடம்." அடுத்தவர் எடுத்துப் போனதும் பழைய தேதி அழிந்துவிடுமே! வாதம் முற்றும்போது யாராவது ஒருவர் புது அட்டை கேட்பார். அதில் எழுதும் பெயர், 'இரவல்'.

இரவலைக் கையால் தொட முடியாது. ஆனால் எடுத்தவர் யார், எந்தப் பிரதி, என்று திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். அபராதக் கணக்கும் அதன் பொறுப்பே. இந்த அட்டை பிறந்த பிறகு இலக்கணம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் ஆப்ஜெக்ட்டைப் பொருள் என்கிறோம். கையில் அகப்படுவதும் பொருள். சொல்லில் விளங்குவதும் பொருள். முதலாவதை மட்டும் தேடுகிற மாணவர் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார். இரண்டாவதையும் தேடுகிறவரே இரவலைக் கண்டுபிடிக்கிறார்.

சி++, ஜாவா, பைத்தான் என்று மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். "இது யார் பொறுப்பு?" என்ற கேள்வி மாறாது. உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு அதைக் கேட்டுப் பாருங்களேன்.